மீசோதீலியோமா: ஸ்டேஜ் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

புற்றுநோய் என்று உறுதியானதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி "எந்த ஸ்டேஜ்?" என்பதுதான். ஒன்று என்றால் போன மூச்சு திரும்பி வருகிறது. நான்கு என்றால் குரல் அடைக்கிறது. மார்பகப் புற்றுநோயிலும் பெருங்குடல் புற்றுநோயிலும் அந்த எண் தன் வேலையைப் பெருமளவு சரியாகவே செய்கிறது. எவ்வளவு பரவியிருக்கிறது, என்ன சிகிச்சை தர வேண்டும், எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் ஆகிய மூன்றுக்கும் அதிலிருந்து ஓரளவு விடை கிடைக்கும். மீசோதீலியோமாவில் அப்படிக் கிடைப்பதில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக மருத்துவர்கள் இந்த நோய்க்கு நிலை வகுத்தும், வகுத்ததைக் கலைத்தும், மறுபடி வகுத்தும் வருகிறார்கள். நிலை வகுக்கப் பயன்படும் டி.என்.எம். முறையின் ஒன்பதாவது பதிப்பு 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இத்தனை திருத்தங்களுக்குப் பிறகு இந்த எண் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று எடை போட்டுப் பார்க்க வேண்டிய நேரம் இது.

மீசோதீலியோமா நுரையீரலுக்குள் முளைக்கும் நோய் அன்று. நுரையீரலோடு ஒட்டி ஒரு மெல்லிய சவ்வும், மார்புச் சுவரின் உட்பக்கத்தில் ஒட்டி இன்னொரு சவ்வும் இருக்கின்றன. புளூரா என்று சொல்லப்படும் இந்த உறையில்தான் பெரும்பாலும் நோய் தொடங்கும். அடுத்தபடியாக வயிற்றின் உள்ளுறையான பெரிட்டோனியத்தில் வரும். இதய உறையிலும் விரையின் உறையிலும் மிக அரிது. ஆஸ்பெஸ்டாஸ் இழைதான் காரணம் என்பதை உலகம் கவனிக்கச் செய்தது 1960இல் வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் மூவரும் வெளியிட்ட ஆய்வு. தென்னாப்பிரிக்காவின் வடமேற்குக் கேப் பகுதியில், நீல ஆஸ்பெஸ்டாஸ் வெட்டி எடுக்கப்பட்ட நிலப்பரப்போடு பெரும்பாலோர் தொடர்புடையவர்களாக இருந்த 33 நோயாளிகளை அவர்கள் பதிவு செய்தார்கள். சுரங்க வேலையே பார்க்காமல், அந்த ஊர்களில் பிள்ளைப் பருவத்தைக் கழித்ததால் மட்டுமே இழையைச் சுவாசித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். இழை உள்ளே போவதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் நடுவே 20 முதல் 50 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

நிலை வகுப்பவர்களுக்கு இந்த நோய் தரும் பெரிய இடைஞ்சல் அது வளரும் விதம். நுரையீரல் புற்றுநோய் ஒரு கட்டியாகத் திரள்கிறது, சி.டி. படத்தில் அதன் குறுக்களவை எடுத்து இத்தனை சென்டிமீட்டர் என்று எழுதிவிடலாம். மீசோதீலியோமாவுக்கு அப்படி ஒரு குறுக்களவு கிடையாது. உட்சுவரில் சாந்து பூசியதுபோல அது நுரையீரலைச் சுற்றிப் படர்கிறது. ஓரிடத்தில் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும், இன்னோரிடத்தில் இருபது. நுரையீரல் மடல்களுக்கு இடையிலான பிளவுகளிலும் இறங்கும். உதரவிதானத்தின் வளைவில் மடங்கிக் கிடக்கும். கூடவே நெஞ்சில் நீர் கோத்திருந்தால் படத்தில் எது நீர், எது நோய் என்று எல்லை பிரிப்பதே கடினம். கட்டிக்காக உருவான அளவுகோலைப் படலத்துக்குப் பொருத்தப் பார்த்ததில்தான் இந்த நோயின் நிலைக் கணக்கு நெடுங்காலம் தடுமாறியது.

பரவலாகப் பயன்பட்ட முதல் வகுப்பு 1976இல் பிரிட்டனிலிருந்து வந்தது. எரிக் புச்சார்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் நுரையீரல், அதன் உறை, உதரவிதானம், இதய உறை ஆகியவற்றைச் சேர்த்து அகற்றும் பெரிய அறுவையை 29 பேருக்குச் செய்திருந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து நான்கு நிலைகளைப் பிரித்தார்கள். ஒரு பக்க உறைக்குள் நோய் அடங்கியிருந்தால் ஒன்று. மார்புச் சுவரையோ நடுமார்பு உறுப்புகளையோ தொட்டால் இரண்டு. உதரவிதானத்தைத் துளைத்து வயிற்றுக்குள் போனால் மூன்று. இரத்தத்தின் வழியே தொலை உறுப்புகளுக்குப் போனால் நான்கு. அறுவைக்கு உள்ளானவர்களில் 31 விழுக்காட்டினர் அதை ஒட்டியே இறந்தார்கள் என்பதையும் அந்த வகுப்பை வெளியிட்ட கட்டுரை மறைக்காமல் சொன்னது.

நோயாளிகள் 29 பேர்தானே என்று இந்த வகுப்பைக் குறை சொல்ல மாட்டேன். அரிய நோயில் தொடக்கம் அப்படித்தான் இருக்கும். ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். கத்தி வைக்க முடியுமா என்பதே அந்தக் கேள்வி. அறுவை மருத்துவர் தன் மேசைக்கு வந்தவர்களை வைத்துத் தன் தேவைக்காக வரைந்த வரைபடம் அது. வயது, மூச்சுத்திணறல், இதயக் கோளாறு ஆகியவற்றால் மேசைக்கே வர முடியாத பெரும்பாலான நோயாளிகளுக்கு அதில் இடமில்லை. இந்தப் பிறவிக் குறை பின்னால் வந்த வகுப்புகளிலும் தொடர்ந்தது என்பதே என் முதல் குற்றச்சாட்டு.

பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் டேவிட் சுகர்பேக்கர் 1990களில் உருவாக்கிய முறை இதை இன்னும் வெளிப்படையாகச் செய்தது. நோய் முழுதாக அகற்றப்பட்டு, வெட்டிய ஓரங்களில் புற்றுச்செல் இல்லாமல், நிணநீர் முடிச்சுகளும் சுத்தமாக இருந்தால் அதில் முதல் நிலை. அதாவது, அறுவை முடிந்த பிறகுதான் நிலை தெரியும். அறுவையா, வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய நாளில் அது கைகொடுக்காது. தங்கள் சிகிச்சையின் விளைவைத் தாங்களே அளந்துகொள்ள அந்த மருத்துவமனைக்கு அது நல்ல கருவியாக இருந்திருக்கும். உலகத்துக்கான அளவுகோலாக அதை ஏற்க முடியாது.

1990களின் நடுவில் நியூயார்க்கின் வேலரி ரஷ் முன்னின்று, பன்னாட்டு மீசோதீலியோமா ஆர்வலர் குழு டி.என்.எம். முறையைக் கொண்டுவந்தது. முதற்கட்டி எவ்வளவு படர்ந்துள்ளது என்பதற்கு டி, நிணநீர் முடிச்சுகளுக்கு என், தொலைப் பரவலுக்கு எம். மூன்றையும் சேர்த்து ஒன்று முதல் நான்கு வரை நிலை. எல்லா நாடுகளும் ஒரே மொழியில் பேச இது வழிசெய்தது. ஆனால் அறுவை மேசையின் நிழல் இதிலும் விழுந்தது. டி3க்கான விளக்கமே "முற்றியது, ஆனால் அகற்ற வாய்ப்புள்ளது" என்றும், டி4க்கானது "அகற்ற முடியாதது" என்றும் எழுதப்பட்டது. உடலில் நோய் எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டிய வரி, மருத்துவரால் என்ன முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

நிணநீர் முடிச்சு விஷயத்தில் நடந்தது இன்னும் கவலை தருவது. நுரையீரல் புற்றுநோய்க்கான முடிச்சு வரைபடத்தை ஏறத்தாழ அப்படியே எடுத்து இந்த நோய்க்குப் போட்டார்கள். நுரையீரலில் நிணநீர் முதலில் நுரையீரல் வேரில் உள்ள முடிச்சுகளுக்கும், பிறகு நடுமார்புக்கும் போகிறது. ஆகவே முதலாவது என்1, இரண்டாவது என்2 என்பதற்குப் பொருள் உண்டு. புளூராவிலிருந்து வடியும் நிணநீர் அந்த வரிசைக்குக் கட்டுப்பட்டதன்று. விலா இடுக்குகளில் உள்ள முடிச்சுகளுக்கும், மார்பெலும்பின் பின்னால் உள்ளவற்றுக்கும், உதரவிதானத்தை ஒட்டியவற்றுக்கும் அது நேரே போகும். நடுமார்பு முடிச்சில் நோய் இருப்பவர் வேர் முடிச்சில் இருப்பவரைவிட மோசமாக இருப்பார் என்பதற்கு இந்த நோயில் அடிப்படையே இல்லை. இருந்தும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பிரிவு பாடநூல்களில் நின்றது.

அதைத் தகர்த்தது தரவு. நுரையீரல் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் நான்கு கண்டங்களின் 15 மருத்துவமனைகளிலிருந்து 3,101 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2012இல் வெளியிட்டது. பழைய பிரிவுகளில் சில, நோயாளிகளின் வாழ்நாளை உண்மையில் பிரித்துக் காட்டவில்லை என்பது அதில் தெரிந்தது. மேலும் சேர்த்த தரவோடு 2016இல் எட்டாவது பதிப்புக்கான திருத்தங்கள் வந்தன. சுவர்ப்பக்க உறை, நுரையீரல் பக்க உறை என்று இரண்டாகப் பிரித்திருந்த டி1 ஒன்றானது. என்1, என்2 இரண்டும் ஒன்றாகி, எதிர்ப்பக்க முடிச்சுகளும் காரை எலும்பின் மேல் முடிச்சுகளும் என்2 ஆயின. தொலைப் பரவல் இருந்தால் மட்டுமே நான்காம் நிலை. நிபுணர்கள் கூடி எழுதிய வகுப்பை நிபுணர்களே தரவின் முன் திருத்திக்கொண்டதை நான் மதிக்கிறேன்; மருத்துவத்தில் அது தினமும் நடப்பதில்லை.

நடைமுறையில் மருத்துவர் இந்த எண்ணை எப்படி அடைகிறார் என்று பார்த்தால்தான் அதன் வலுவும் தளர்வும் புரியும். மூச்சு வாங்குகிறது, ஒரு பக்கம் நெஞ்சு கனக்கிறது என்று ஒருவர் வருகிறார். எக்ஸ்-ரேயில் நீர் தெரிகிறது. ஊசி போட்டு நீரை எடுத்துச் சோதிக்கிறார்கள். அந்த நீரில் புற்றுச்செல் தென்படாமல் போவது இந்த நோயில் சாதாரணம். தென்பட்டாலும் எரிச்சலால் தூண்டப்பட்ட இயல்பான மீசோதீலியச் செல்லிலிருந்து அதைப் பிரித்தறிவது எளிதன்று. ஆகவே சதைத்துண்டு வேண்டும். விலாவுக்கிடையே சிறு துளையிட்டுக் கேமராவைச் செலுத்தும் தொராகோஸ்கோப்பி அதற்குச் சிறந்த வழி: நேரில் பார்க்கலாம், பல இடங்களில் சதை எடுக்கலாம், நீரையும் வடித்துவிடலாம். மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. படர்ச்சியின் பரப்பைக் காட்டும். பெட்-சி.டி. தொலைவில் ஒளிரும் இடங்களைக் காட்டும். உதரவிதானத்தையோ மார்புச் சுவரையோ நோய் துளைத்திருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு எம்.ஆர்.ஐ. சி.டி.யைவிட நல்ல விடை தரும். அறுவையை எண்ணிப் பார்க்கும் நோயாளிக்கு, மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்டு செலுத்தி நடுமார்பு முடிச்சுகளில் ஊசி மாதிரி எடுப்பார்கள். சில இடங்களில் லேப்ராஸ்கோப்பி வழியே வயிற்றையும் பார்த்துவிடுவார்கள்.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஏதோ ஓரிடத்தில் பலவீனமானது. மெல்லிய படலமாக உதரவிதானத்தைக் கடந்த நோயை சி.டி. தவறவிடும். நீர் மறுபடி சேராமலிருக்க டால்க் தூள் செலுத்தியிருந்தால், அதனால் வரும் அழற்சி பெட் ஸ்கேனில் புற்றுநோயைப் போலவே ஒளிரும், காசநோயும் ஒளிரும். உதரவிதானத்தை ஒட்டியும் மார்பெலும்பின் பின்னும் உள்ள முடிச்சுகளை மூச்சுக்குழாய் வழி ஊசி எட்டவே எட்டாது. அறுவைக்கு முன் படம் பார்த்துச் சொல்லும் நிலையும், அறுவையில் எடுத்த சதையைப் பார்த்துச் சொல்லும் நிலையும் இந்த நோயில் ஒத்துப்போகாமல் இருப்பதற்கு இவைதான் காரணம். ஒன்று, இரண்டு என்று எண்ணி உள்ளே போனவர்களில் பலர் மூன்றாக வெளியே வந்தார்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பெரும்பாலான நோயாளிகளுக்கு அறுவையே நடப்பதில்லை. அவர்கள் கையில் இருப்பது படத்திலிருந்து ஊகித்த நிலை மட்டுமே.

இந்த இடத்தில்தான் ஒன்பதாவது பதிப்பு மெய்யான ஒரு முன்னேற்றம். படலத்தைக் கட்டியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, படலத்துக்கு ஏற்ற அளவை அது கொண்டுவந்தது. சி.டி. படத்தில் மார்பின் மேல், நடு, கீழ் என மூன்று தளங்களில், ஒவ்வொன்றிலும் உறை மிகத் தடித்திருக்கும் இடத்தை அளந்து மூன்றையும் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 12 மில்லிமீட்டர் வரை இருந்து, மடல் பிளவில் தடிப்பு 5 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருந்தால் டி1. 12க்கு மேல் 30 வரை டி2; தொகை குறைவாக இருந்தாலும் பிளவில் தடிப்பு 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, நடுமார்புக் கொழுப்பிலோ மார்புச் சுவரின் மென்சதையில் ஒரே ஓரிடத்திலோ நோய் நுழைந்திருந்தாலோ அதுவும் டி2. 30க்கு மேல் டி3. எலும்பு, நடுமார்பு உறுப்புகள், எதிர்ப்பக்க உறை போன்றவற்றை எட்டினால், தடிப்பு எவ்வளவாக இருந்தாலும் டி4. அகற்றலாமா முடியாதா என்ற பேச்சு பின்னுக்குப் போய், எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி முன்னே வந்திருக்கிறது.

புற்றின் மொத்தக் கனஅளவுக்கும் வாழ்நாளுக்கும் உறவு இருப்பதை ஹார்வி பாஸ் 1998இலேயே காட்டியிருந்தார். கனஅளவை அளக்கத் தனி மென்பொருளும் நிறைய நேரமும் வேண்டும். சாதாரண மருத்துவமனையில் அது நடக்காது. மூன்று இடங்களில் தடிப்பை அளப்பது எந்த ஊர் ரேடியாலஜிஸ்ட்டாலும் முடியும். எளிமைக்காகத் துல்லியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்த இந்தப் பேரம் நியாயமானது என்றே கருதுகிறேன்.

ஆனால் அது பேரம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு ரேடியாலஜிஸ்ட் 4 மில்லிமீட்டர் என்பதை இன்னொருவர் 5 என்று அளக்கலாம். மூன்று இடங்களில் அப்படி நேர்ந்தால் 12 என்பது 15 ஆகி, நோயாளி டி1இலிருந்து டி2க்குப் போய்விடுகிறார். அவர் உடலில் எதுவும் மாறவில்லை. நீரை வடிக்குமுன் எடுத்த படத்துக்கும் வடித்தபின் எடுத்த படத்துக்கும் வேறுபாடு வரும். டால்க் செலுத்தியிருந்தால் உறையின் தடிப்பில் எவ்வளவு நோய், எவ்வளவு வடு என்று பிரிக்க முடியாது. மேலும், அறுவைக்குப் பின் சதையைப் பார்த்துச் சொல்லும் நிலையில் இந்தத் தடிப்புக் கணக்கே கிடையாது. ஆக ஒரே நோய்க்கு, ஒரே பதிப்பில், டி என்ற எழுத்துக்கு இரண்டு வேறுபட்ட இலக்கணங்கள். படத்துக்கும் சதைக்கும் இருந்த பழைய இடைவெளி இதனால் அடைபடவில்லை. படத்தை அதன் சொந்தக் கணக்கில் மதிப்பிடலாம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவே.

இதைவிடப் பெரிய குறை ஒன்பதாவது பதிப்பிலும் தொடப்படாமல் கிடக்கிறது. நுண்ணோக்கியின் கீழ் இந்த நோய்க்கு மூன்று முகங்கள்: எபிதீலியாய்டு, சார்கோமடாய்டு, இரண்டும் கலந்த பைஃபாசிக். பாதிக்கு மேற்பட்டவை முதல் வகை. மூன்றில் அதுவே மெதுவானது. சார்கோமடாய்டு வகை வேகமானது, கீமோவுக்கு எளிதில் அடங்காதது. முற்றிய நிலையில் உள்ள எபிதீலியாய்டு நோயாளி, தொடக்க நிலையில் உள்ள சார்கோமடாய்டு நோயாளியைவிட அதிக நாள் வாழ்வது மருத்துவர்கள் அடிக்கடி காண்பது. நிலை எண் இருவரையும் தலைகீழாக வரிசைப்படுத்துகிறது. எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு வீடு திரும்பும் குடும்பம் இரண்டு பக்கமும் தவறாகப் புரிந்துகொள்கிறது.

சிகிச்சையிலும் செல் வகை முடிவைத் திருப்புகிறது. அறுவைக்கு இயலாத 605 நோயாளிகளை வைத்து நடந்து 2021இல் வெளியான செக்மேட் 743 சோதனையில், நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகளையும் சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 18.1 மாதம்; கீமோ பெற்றவர்களுக்கு 14.1. எபிதீலியாய்டு அல்லாத வகையில் மட்டும் பார்த்தால் 18.1க்கு எதிராக 8.8. எபிதீலியாய்டில் அந்த இடைவெளி சிறிது: 18.7க்கு 16.5. எந்த மருந்தில் தொடங்குவது என்று முடிவெடுக்க இங்கே உதவுவது செல் வகைதான். இரண்டாம் நிலையா மூன்றாம் நிலையா என்பது அந்த முடிவில் பெரிதாகக் குறுக்கிடுவதில்லை.

டி.என்.எம். என்பது உடற்கூறு சார்ந்த வரைபடம், அதில் செல் வகையைத் திணிக்கக் கூடாது என்பார்கள். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. அதே முறை தைராய்டு புற்றுநோயில் நோயாளியின் வயதைக் கணக்கில் சேர்க்கிறது. 55 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கும் மேல் உள்ளவருக்கும் வேறு வேறு நிலை தருகிறது. அனாபிளாஸ்டிக் என்ற கொடிய தைராய்டு வகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதை நேரே நான்காம் நிலையில் வைக்கிறது. புராஸ்டேட் புற்றுநோயில் பி.எஸ்.ஏ. என்ற இரத்த அளவைச் சேர்க்கிறது. உணவுக்குழாய்ப் புற்றுநோயில் செல் வகைக்கு ஒரு நிலை அட்டவணை வைத்திருக்கிறது. அங்கெல்லாம் இடம் கொடுத்த முறை, செல் வகை இவ்வளவு தீர்மானகரமாக உள்ள மீசோதீலியோமாவில் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வதற்குக் காரணம் தெரியவில்லை. அரிய நோய் என்பதால் ஒவ்வொரு கட்டத்திலும் நோயாளிகள் குறைந்துபோவார்கள் என்பது நடைமுறைச் சிக்கல். அது கொள்கைக் காரணம் ஆகாது.

செல் வகைக்கு அப்பால் நோயாளியின் உடல்திறன் இருக்கிறது: எழுந்து நடமாடுகிறாரா, பகலில் பாதி நேரம் படுக்கையிலா. வெள்ளணுக்களின் எண்ணிக்கை, ஹீமோகுளோபின், எடை குறைவு ஆகியவையும் வாழ்நாளை முன்கூட்டிச் சொல்வதில் வலுவானவை. ஐரோப்பிய ஆய்வுக் குழுவும் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்றும் 1998இலேயே இவற்றை வைத்து மதிப்பெண் முறைகளை வெளியிட்டன. ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையும் பத்து நிமிட உரையாடலும் போதும். இவை நிலை எண்ணோடு சேர்த்து அறிக்கையில் எழுதப்படுவது அரிதாகவே இருக்கிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, அறுவையைத் தீர்மானிக்கவாவது இந்த எண் வேண்டுமே என்று ஒருவர் கேட்கலாம். அந்த ஆதாரமும் தளர்ந்துவிட்டது. பிரிட்டனில் நடந்த மார்ஸ் சோதனை 2011இல் வெளியானபோது, நுரையீரலோடு சேர்த்து அகற்றும் பெரிய அறுவை நன்மை தருவதாகத் தெரியவில்லை. தீமை தருவதாகவே தோன்றியது. 50 பேர் மட்டுமே இருந்த சிறிய சோதனை என்ற மறுப்பு அப்போது எழுந்தது. அடுத்து மார்ஸ் 2. நுரையீரலை விட்டுவிட்டு உறையை உரித்தெடுக்கும் அறுவையை 335 நோயாளிகளிடம் அது சோதித்தது. எல்லோரும் சி.டி. படத்தின்படி அகற்றத்தக்க நோய் உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 2024இல் வந்த முடிவு: கீமோவோடு அறுவையும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 19.3 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 24.8. அறுவை மருத்துவர்கள் இந்த முடிவோடு இன்னும் வாதாடுகிறார்கள். தேர்ந்தெடுத்த விதமும் அறுவையை ஒட்டிய இறப்பும் முடிவைப் பாதித்தன என்கிறார்கள். அந்த வாதம் சரியாகவே இருந்தாலும், படம் பார்த்து "அகற்றத்தக்கது" என்று பிரிப்பதால் அறுவையால் பயனடைவோரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் அது ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகிறது. அறுவையைச் சுற்றிப் பிறந்த எண், அறுவைக்கே வழிகாட்ட முடியாமல் நிற்கிறது.

வயிற்றில் வரும் மீசோதீலியோமாவின் கதை வேறு; அது எனக்கு நம்பிக்கையும் தருகிறது. அதற்கு அதிகாரபூர்வமான டி.என்.எம். நிலையே இல்லை. அதற்குப் பதில் பெரிட்டோனியல் புற்றுநோய்க் குறியீடு பயன்படுகிறது. வயிற்றை 13 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நோயின் அளவைப் பொறுத்து 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 39. இதைக் கொண்டுவந்த பால் சுகர்பேக்கர், பாஸ்டனின் டேவிட் சுகர்பேக்கருக்கு அண்ணன் தம்பி உறவு. ஒரே நோயின் இரண்டு இருப்பிடங்களை ஒரே வீட்டின் இரண்டு பிள்ளைகள் அளந்திருக்கிறார்கள். 2011இல் டிரிஸ்டன் யானும் உடனிருந்தோரும் இந்த மதிப்பெண்ணையே அடிப்படையாக்கி, அறுவையோடு சூடான கீமோவும் பெற்ற 294 நோயாளிகளை மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு முறையே 87, 53, 29 விழுக்காடு. நிலைகள் தெளிவாகப் பிரிந்து நின்றன. நோயின் இயல்புக்கு ஏற்ற அளவுகோலை எடுத்தால் எண் பேசும் என்பதற்கு இது சான்று. இதுவும் சிறந்த மையங்களில் அறுவை வரை போனவர்களின் கணக்குதான் என்ற எச்சரிக்கையும் உடன் வேண்டும்.

உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் இதே வயிற்று மீசோதீலியோமா வந்தது. இடைநிலை வாழ்நாள் எட்டு மாதம் என்று அப்போதைய நூல்கள் சொல்லின. அவர் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். இடைநிலை என்பது பாதிப் பேர் அதைக் கடந்து வாழ்கிறார்கள் என்று பொருள்படும், அந்தப் பாதியின் வால் மிக நீளமாக இருக்கக்கூடும் என்று அவர் எழுதினார். நிலை எண்ணுக்கும் இது பொருந்தும். அது கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. கூட்டத்துக்குள் ஒரு மனிதர் எங்கே நிற்கிறார் என்று சொல்ல அதற்குத் திறமில்லை.

நம் நாட்டில் இதற்கெல்லாம் முந்திய தடை ஒன்று உண்டு. நெஞ்சில் நீர் என்றால் காசநோய் என்று முதலில் நினைப்பது இங்கே நியாயமே. எண்ணிக்கையில் அதுதான் அதிகம். இரண்டிலும் நீரில் லிம்போசைட் அணுக்கள் மிகுந்திருக்கலாம். காசநோய் மருந்து தொடங்கி, மாதங்கள் போய், நீர் மறுபடி சேர்ந்த பிறகுதான் சதைப் பரிசோதனை நடக்கிறது என்றால், அதற்குள் 12 மில்லிமீட்டர் கணக்கெல்லாம் எட்டாத் தூரம் போய்விடும். நிலை வகுப்பின் துல்லியம் அந்த முதல் சதைத்துண்டு எப்போது எடுக்கப்படுகிறது என்பதில் தொங்குகிறது. மருந்துக்கு அடங்காத நெஞ்சு நீரைக் கண்டதும், "முப்பது வருடம் முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள்? வீட்டில் யார் என்ன வேலை பார்த்தார்கள்?" என்று கேட்கும் மருத்துவர், ஒரு நவீன ஸ்கேன் தரும் பயனைவிட அதிகம் தருகிறார். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆலை, கப்பல் உடைக்கும் தளம், கொதிகலன் காப்புறை வேலை, பிரேக் லைனிங் பட்டறை எல்லாம் அந்தக் கேள்விக்கான விடைகளில் வரும்.

என் தீர்ப்பு இது. ஒரு மருத்துவமனையின் நோயாளிகளை இன்னொன்றோடு ஒப்பிட, சோதனைகளில் சமமானவர்களைச் சேர்க்க, தொலைப் பரவல் உண்டா இல்லையா என்று ஒரே சொல்லில் தெரிவிக்க இந்த எண் தேவை. அதற்கு ஒன்பதாவது பதிப்பு முன்னவற்றைவிடச் சிறந்தது. தனி ஒருவரின் காலத்தைக் கணிக்கவும், அவருக்கான முதல் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கவும் அது தனியே போதாது. போதும் என்பதுபோல அதை நோயாளியிடம் சொல்வது தவறு. அடுத்த பதிப்பில் செல் வகை நிலைக்குள் வர வேண்டும். அதுவரை அறிக்கையில் நிலையோடு ஒட்டிய அடுத்த சொல்லாக அது இருக்க வேண்டும்.

இந்த நோய் வந்த வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். "எந்த ஸ்டேஜ்?" என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. அதோடு நிறுத்தாமல், எபிதீலியாய்டா சார்கோமடாய்டா, அதைச் சதைத்துண்டிலிருந்து சொல்கிறீர்களா நீரிலிருந்தா, நிலையைப் படம் பார்த்துச் சொன்னீர்களா, அந்தப் படம் நீரை வடித்த பின் எடுத்ததா என்று கேளுங்கள். பதாலஜி அறிக்கையின் நகலைக் கையில் வாங்கி வையுங்கள். பழைய வேலை விவரங்களை ஆலையின் பெயர், ஆண்டுகளோடு ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுத்துக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்ட அட்டவணையில் தொழில்நோயாக இடம்பெற்றிருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகளோ, வேலையை விட்டபின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை நிறுவனம் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் ஆணையிட்டிருக்கிறது. அந்தப் பதிவை நிறுவனத்திடம் கேளுங்கள்.